கிரானைட் பட்டறை வேலைக்கு ஃபிளிப் போன் சரிப்பட்டு வருமா? (கிருஷ்ணகிரி – பர்கூர்)

பர்கூர்க்கல் (கேள்வி):

வணக்கம். நாலு வருசமா ஓடிக்கிட்டிருக்கிற சாதா சாம்சங்கை மாத்தணும். மடக்குற ஃபிளிப் வாங்க ஆசை. வேலை கிரானைட் பாலிஷ் பட்டறையில, பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் ஷெட். அதான் தயக்கம்.

ஸ்லாப் (அறுத்த கல் பலகை) போட்டோ எடுத்து பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். நாள் முழுக்க யுபிஐ. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூருக்கு பைக்குல வர்றேன், ஹேண்டில்பார் ஹோல்டர்ல மேப் ஓடும். வாரத்துல ஒருநாள் ஓசூர் இல்லன்னா பெங்களூரு. ரெண்டு சிம், ஜியோவும் பிஎஸ்என்எல்லும். பேங்க் எல்லாம் ஜியோ நம்பர்ல.

பார்த்து வெச்சது மூணு. சாம்சங் ஃபிளிப்7 (வந்தப்ப ரூ.1,09,999), மோட்டோ ரேஸர் 60 (வந்தப்ப ரூ.49,999), இல்லன்னா பெங்களூருல செகண்ட் ஹேண்ட் ஃபிளிப்5. தூசிக்குத் தாங்குமா, பேட்டரி எப்படி, ரிப்பேர்னா எவ்வளவு அலைச்சல்? வாங்கினவங்க, ரிப்பேர் பாக்கறவங்க சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர்:

மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரியுமா, பேட்டரி ராத்திரி வரைக்கும் நிக்குமா, இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. உங்க வேலைக்கு அதெல்லாம் அப்புறம். முதல்ல தூசி.

ஃபிளிப்7, ரேஸர் 60 ரெண்டுக்கும் போட்டிருக்கிற தூசி, தண்ணித் தடுப்பு மதிப்பு ஐபி48. அதுல 8 தண்ணிக்கு, 4 தூசிக்கு. 4-னா 1 மில்லிமீட்டரை விடப் பெரிய துகள் உள்ளே போகாது, அவ்வளவுதான் உத்தரவாதம். சாதா போன்ல ஐபி68-னு பாக்கறோமே, அந்த 6-தான் தூசிக்கு முழு அடைப்பு. பாலிஷ் ஷெட்ல பறக்கிற மாவு 1 மில்லிமீட்டர் பக்கத்துலயே வராது, அதைவிட ரொம்பப் பொடி. ஃபிளிப்5 இன்னும் மோசம், அது ஐபிஎக்ஸ்8. எக்ஸ்னா தூசிக்குச் சோதனை மதிப்பே கொடுக்கலைன்னு அர்த்தம்.

அடுத்து உள் டிஸ்ப்ளே. மேல இருக்கிறது மெத்துனு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம். நகத்தால அழுத்தினாலே தடம் விழும். அதுக்குக் கீழ வளையுற அளவுக்கு மெல்லிசான கண்ணாடி, அதுக்கும் கீழ ஓலெட் பேனல். பாரடைசோ மாதிரி கலர் கல்லுல குவார்ட்ஸ் இருக்கும். கடினத்தைச் சொல்ற மோஸ் அளவுல குவார்ட்ஸ் 7, கண்ணாடி 6-க்குள்ள. போன் திறந்திருக்கும்போது ஒரு துகள் டிஸ்ப்ளே மேல உக்காருது, நீங்க டப்புனு மூடுறீங்க. ரெண்டு பாதியும் சேந்து அந்தத் துகளை ஃபிலிமுக்குள்ள அமுக்கும். அப்ப ஒண்ணும் தெரியாது, ஊசி முனையளவு குழி மட்டும் விழுந்திருக்கும். மடிப்புக்குப் பக்கத்துல அந்தக் குழி இருந்தா, வேற ஒருநாள் திறக்கும்போது அங்கிருந்து கீறல் ஓடி கருப்புக் கோடு விழும். "கீழயே போடல, தானா போயிடுச்சு"ன்னு வர்ற போன்ல நிறைய இந்த வகைதான்.

யாரும் சொல்லாத இன்னொண்ணு காந்தம். மூடினா ஒட்டி நிக்கறதுக்கு ஃபிளிப்ல ரெண்டு பாதியிலயும் காந்தம் வெச்சிருக்காங்க. உங்க பக்கத்துல கேங்சா (கல்லை ஸ்லாபா அறுக்கிற மெஷின்) ஓடினா அதுல போடுற ஸ்டீல் கிரிட் தூள், வெல்டிங் பக்கம் போனா கிரைண்டர் பொடி, எல்லாம் ஓரத்துல வந்து மீசை மாதிரி ஒட்டும். துடைச்சாலும் லேசுல போகாது. மூடுறப்ப நேரா டிஸ்ப்ளேக்குள்ள போகும்.

ஹிஞ்ச்சுக்குள்ள, அதாவது மடிப்புல இருக்கிற கீலுக்குள்ள, தூசி போனா அறிகுறி ரெண்டு. திறக்கும்போது கரகரன்னு சத்தம். இல்லன்னா பலகை மாதிரி நேரா விரியாம கொஞ்சம் முன்னாடியே நின்னுடும். அப்ப அழுத்தி நிமித்தவே கூடாது, நிமித்தினா டிஸ்ப்ளேதான் வளைஞ்சு கொடுக்கும்.

பட்டறையில எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு, சட்டையை ஊதுற கம்ப்ரஸர் கன்னை எடுத்து போனையும் ஊதுறது. இதுல அதைச் செஞ்சா போன் காலி. வெளியே இருக்கிற தூசியை அந்தக் காத்து ஹிஞ்ச்சுக்குள்ள திணிக்கும், மைக், ஸ்பீக்கர் சவ்வும் கிழியும். கேமரா சுத்தம் பண்ற ரப்பர் ஊதியும், மெத்துனு ஒரு பிரஷ்ஷும் போதும். போனை விரிச்சு, டிஸ்ப்ளே தரையைப் பாக்கிற மாதிரி பிடிச்சு ஊதுங்க. அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. ஊதாம துடைச்சா அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. சானிடைசர், தின்னர் பக்கமே கொண்டு போகாதீங்க.

என் தீர்ப்பு: ஷெட்டுக்குள்ள அது வரவே கூடாது. பழைய சாம்சங்கை விக்காதீங்க. வாட்ஸ்அப்ல ஒரே நம்பரை இன்னொரு போன்லயும் இணைக்கலாம். பழைய போன்ல வாட்ஸ்அப்பைப் புதுசா போட்டு, நம்பர் கேக்கிற பக்கத்துல மேல மூணு புள்ளி மெனுவைத் தொட்டா இணைப்புச் சாதனமாச் சேக்கிற வழி வரும். க்யூஆர் காட்டும், அதை ஃபிளிப்பால ஸ்கேன் பண்ணணும். பட்டறை வைஃபையில ஓடும், சிம்மே வேண்டாம். ஸ்லாப் போட்டோ அதுலயே எடுத்து அதுலயே அனுப்புங்க. ஃபிளிப் ஆபீஸ் டிராயர்ல இருக்கட்டும். இது முடியாது, ஒரே போன்தான் கையில இருக்கும்னா ஃபிளிப்பை மறந்துடுங்க.

சிம்கார்டு_செந்தூரம்:

தூசி பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் சிம் விஷயம் மட்டும்.

இந்த மூணு போன்லயும் நானோ சிம்முக்கு ஒரே ஒரு இடம்தான். ரெண்டாவது நம்பர் வேணும்னா ஈசிம், அதாவது கார்டு இல்லாம போனுக்குள்ளேயே பதிவாகிற சிம். மெமரி கார்டும் போட முடியாது.

எதை ஈசிம் ஆக்கறதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பேங்க் நம்பரை பிளாஸ்டிக் சிம்மாவே வெச்சுக்குங்க. டிஸ்ப்ளே போய் போன் சர்வீஸ்ல கிடக்கும்போது, ஒரு ஊசியால சிம்மை எடுத்துப் பழைய போன்ல போட்டா ஓடிபி வந்துடும். ஈசிம்மா இருந்தா அது போனோடயே போயிடும். மதர்போர்டு மாத்தினா இஐடி எண்ணும் (ஈசிம் சிப்போட அடையாள எண்) மாறிடும், திரும்ப முதல்லேருந்து ஈசிம் வாங்கணும். ஆக உங்களுக்கு ஜியோ பிளாஸ்டிக், பிஎஸ்என்எல் ஈசிம். பிஎஸ்என்எல் ஈசிம் 2025-ல தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு. ஆதாரோட அவங்க வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போங்க. முன்னாடியே *#06# அடிச்சு, அதுல வர்ற இஐடியையும் ஐஎம்இஐயையும் (போனோட அடையாள எண்) ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

சிம் மாத்தினாலோ ஈசிம் ஆக்கினாலோ 24 மணி நேரத்துக்கு அந்த நம்பர்ல எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி. சனிக்கிழமை சாயங்காலம் மாத்துங்க, வேலை நாள்ல மாத்தாதீங்க. நீங்க ஜியோ சிம்மை அப்படியே எடுத்துப் புதுப் போன்ல போட்டா இந்தத் தொல்லை அந்த நம்பருக்கு இல்லை. ஆனா புதுப் போன்ல யுபிஐ பதிவு பண்ணின முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்புற தொகைக்கு ரூ.5,000 வரம்பு இருக்கும். லாரி வாடகை, டீசல் காசு கொடுக்க வேண்டிய நாள் காலையில போனை மாத்தாதீங்க.

அதியமான்கோட்டை:

ஸ்க்ரூடிரைவர் சொல்றது ஷெட்டுக்குச் சரி. ஆனா படிக்கிறவங்க ஃபிளிப்னாலே கண்ணாடிப் பாத்திரம்னு நினைச்சுடக் கூடாது. ஃபிளிப்5, 6 காலத்திலேயே 2 லட்சம் தடவை மடக்கித் திறக்கிற சோதனைக் கணக்கை சாம்சங் சொல்லிச்சு. தினம் 100 தடவை திறந்தாலும் அஞ்சு வருசத்துக்கு மேல வரும். ஆபீஸ், கடை, ஸ்கூல் வேலைக்கு ஹிஞ்ச் தேய்ஞ்சு போறது அபூர்வம்.

நல்லதையும் சொல்லணுமில்ல. ஃபிளிப்7 மூடினா 85.5 மில்லிமீட்டர் உயரம்தான். சட்டைப் பாக்கெட்ல வெச்சுக் குனிஞ்சாலும் எட்டிப் பாக்காது, தண்ணித் தொட்டியில விழாது. வெளி டிஸ்ப்ளே 4.1 இன்ச், வாட்ஸ்அப் பதில், கால், பாட்டு, நேரம் பாக்கறது எல்லாம் மூடினபடியே முடிஞ்சிடும். பின் கேமராவால செல்ஃபி எடுக்கலாம். பாதி மடக்கி மேசையில வெச்சா ஸ்டாண்டே வேண்டாம்.

ஆனா யுபிஐக்கு ஒரு இடைஞ்சல் இருக்கு, கடையில டெமோ பாக்கறப்ப யாரும் காட்ட மாட்டாங்க. வெளி டிஸ்ப்ளேயும் பின் கேமராவும் ஒரே பக்கம். மூடினபடி க்யூஆர் ஸ்கேன் பண்ணணும்னா கேமரா க்யூஆரைப் பாக்கும், டிஸ்ப்ளேயும் அந்தப் பக்கமே திரும்பி நிக்கும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆக டீக்கடையில 20 ரூபா கொடுக்கிறதுக்கும் விரிச்சே ஆகணும். ஒரு கையில ஹெல்மெட், ஒரு கையில போன்னு நின்னுக்கிட்டு ஒரு விரலால நெம்பித் திறக்கிறது சிரமம். அப்படி நெம்பும்போதுதான் நகம் உள் டிஸ்ப்ளே ஓரத்துல படும்.

ஸ்லாப் போட்டோ: ஃபிளிப்7-ல 50 மெகாபிக்சல் மெயின், 12 மெகாபிக்சல் அல்ட்ராவைட், டெலிபோட்டோ கிடையாது. ஒன்பது பத்தடி ஸ்லாப் ஃபிரேமுக்குள்ள வரலைன்னு அல்ட்ராவைட் போட்டா ஓரம் வளையும், கல்லோட கோடும் வளைஞ்சு தெரியும், பார்ட்டி சண்டைக்கு வருவான். பின்னால நகந்து 1எக்ஸ்ல எடுங்க. கல்லோட மணியை (குருணையை) கிட்டத்துல காட்டணும்னா ஃபிளிப்7-ல மேக்ரோ இல்லை, 2எக்ஸ் வெச்சு ஒரு அடி தள்ளி நின்னு எடுக்கணும். ரேஸர் 60-ல அல்ட்ராவைட் லென்ஸே மேக்ரோவாவும் வேலை செய்யும், இந்த ஒரு விஷயத்துல அது தேவலை.

பேட்டரி: ஃபிளிப்7 4,300 எம்ஏஎச், ரேஸர் 60 4,500. அதே விலைக்கு சாதா போன்ல 5,000-மும் அதுக்கு மேலயும் நிறையக் கிடைக்கும். ஆபீஸ் வேலைக்கு ராத்திரி வரைக்கும் ஓடும். ஹாட்ஸ்பாட், மேப், வெயில்ல முழு வெளிச்சம் மூணும் சேந்தா சாயங்காலமே சார்ஜர் தேடுவீங்க. சார்ஜிங் சாம்சங்ல 25 வாட், மோட்டோல 30 வாட். சாம்சங் டப்பாவுல சார்ஜர் இருக்காது, அதுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. மலைப்பக்கம் போனா சிக்னல் தேடியே பேட்டரி கரையும், அங்க 5ஜியை அணைச்சு 4ஜியில வெச்சா கொஞ்சம் மிச்சமாகும்.

ஒரு லட்சத்துக்கு மேல கொடுக்கிறதுல நியாயம் தேடினா அப்டேட் ஒண்ணுதான். ஃபிளிப்7-க்கு ஏழு வருசம் தர்றதா சாம்சங் சொல்லியிருக்கு, மோட்டோ அந்த அளவுக்கு வராது. ஆனா ஃபிளிப்போட உள் டிஸ்ப்ளே ஏழு வருசம் இருக்குமான்னு யோசிச்சா அந்தக் கணக்கும் பாதிதான்.

ஸ்க்ரூடிரைவர்:

@அதியமான்கோட்டை 2 லட்சம் கணக்கு மெஷின்ல வெச்சு, ஒரே சீரா, தூசி இல்லாத அறையில மடக்கினது. கையால ஒரு மூலையைப் பிடிச்சு முறுக்கித் திறக்கிறது அதுல வராது. மத்தபடி நீங்க சொன்னது எல்லாம் ஒத்துக்கறேன், அந்த க்யூஆர் விஷயம் உள்பட.

காவேரிப்பட்டணம்_கேர்:

செகண்ட் ஹேண்ட் ஃபிளிப்5 பத்தி யாரும் சொல்லலை. என் ஓட்டு வேண்டாம்தான். மீறி வாங்கறதா இருந்தா பெங்களூரு வரைக்கும் போனதுக்கு இதையாவது பாத்துட்டு வாங்க.

உள் டிஸ்ப்ளேயில வெள்ளைப் படம் வெச்சு வெளிச்சத்தை முழுசா ஏத்துங்க. மடிப்புக் கோட்டை ஒட்டி மெல்லிசா கருப்பு, பச்சை, பிங்க் கோடு ஏதாவது இருக்கா பாருங்க. போனைச் சாய்ச்சுப் பாத்தா ஃபிலிம் மடிப்புல தூக்கியிருக்கிறது வெள்ளையா பட்டையாத் தெரியும். அப்புறம் *#0*# அடிங்க, சாம்சங் சோதனை மெனு வரும். அதுல டச் சோதனையில எல்லாக் கட்டத்தையும், முக்கியமா நடு வரிசையை, விரலால தேய்ச்சு நிரப்புங்க. நிரம்பாத கட்டம் இருந்தா டிஸ்ப்ளே போற வழியில இருக்கு. போனை 90 டிகிரியில நிறுத்துங்க, தானா சரிஞ்சா ஹிஞ்ச் தளர்ந்திருக்கு. மூடினபடி ரெண்டு பாதிக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் தூக்கியிருந்தா ஒண்ணு பிரேம் வளைஞ்சிருக்கும், இல்ல பேட்டரி உப்பியிருக்கும். ஃபிளிப்ல ஒவ்வொரு பாதியிலயும் ஒரு பேட்டரி இருக்கு.

திருட்டு போனான்னு பாக்க, கேஒய்எம் மூணு எழுத்தை ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. பில் இல்லாம வாங்காதீங்க. ஒருதடவை பிரிச்சு ஒட்டின போன்னா தண்ணித் தடுப்பு இருக்கும்னு நம்ப வேண்டாம்.

புதுசு வாங்கினா: உள் டிஸ்ப்ளே போனா சாதா போன் மாதிரி கண்ணாடியை மட்டும் தனியா மாத்த முடியாது. டிஸ்ப்ளே, பிரேம், ஹிஞ்ச் சேந்த மொத்த செட்டாத்தான் மாத்துவாங்க. செலவு ஒரு நடுத்தர போன் விலைக்கு வந்து நிக்கும். அதனால கம்பெனியோட சொந்த டேமேஜ் பிளானை போன் விலையோடயே சேத்துக் கணக்குப் போடுங்க. நீட்டிச்ச வாரண்டியை இதோட குழப்பிக்காதீங்க, அது கீழ விழுந்து உடைஞ்சதுக்குக் கிடையாது. கடைக்காரங்க தனியா விக்கிற இன்சூரன்ஸ்ல, மடிப்பு டிஸ்ப்ளேயை விலக்கியிருக்காங்களா, வருசத்துக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் நம்ம கையிலிருந்து எவ்வளவு, இந்த மூணையும் தாள்ல படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கிருஷ்ணகிரி, தருமபுரியில சர்வீஸ் மையத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க. ஃபிளிப்பை அங்கேயே பிரிப்பாங்களா, வேற ஊருக்கு அனுப்புவாங்களா? அந்த மாடல் டிஸ்ப்ளே கையிருப்புல இருக்கா? அனுப்பறாங்கன்னா ஓசூர், சேலம், பெங்களூருன்னு நீங்களே நேரா போயிடறது மேல். கொடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்க. ஜாப் ஷீட்டுல "மடிப்பில் கோடு, வெளியே அடி இல்லை"ன்னு அவங்க கையாலயே எழுதச் சொல்லி வாங்குங்க. பிரேம்ல சின்ன நசுங்கல் இருந்தாலும் "வாடிக்கையாளர் சேதம்"னு வாரண்டி தட்டிப்போகும், அப்ப இந்தத் தாள்தான் பேசும். வாக்குவாதம் முத்தினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பர்கூர்க்கல்:

எல்லாருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பழைய போனை ஷெட்டுக்கு வெச்சுக்கிட்டு, ரேஸர் 60-யோட டேமேஜ் பிளான். இன்னும் ரெண்டு கேள்வி. பைக் ஹோல்டர்ல வைக்கலாமா? டவுன்ல ஒரு கடையில உள் டிஸ்ப்ளேக்கு யுவி டெம்பர் போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க, போடலாமா?

ஸ்க்ரூடிரைவர்:

ரெண்டுக்கும் வேண்டாம் தம்பி.

ஹோல்டரோட பல் ரெண்டு பக்கமும் நடுவுல பிடிக்கும், ஃபிளிப்ல நடு இடம்தான் ஹிஞ்ச். குழியில பைக் இறங்குற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல அடி. போதாததுக்கு, பைக் அதிர்வு கேமராவோட ஓஐஎஸ் (கை ஆட்டத்தைச் சமாளிக்கிற அமைப்பு) லென்ஸையும் கெடுக்கலாம், ஆப்பிளே 2021-ல அவங்க போனுக்கு இந்த எச்சரிக்கை கொடுத்தாங்க. மேப் வேணும்னா பழைய போனை ஹோல்டர்ல மாட்டி ஃபிளிப்லேருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்க. தினம் போற ரோடுதான்னா ஃபிளிப்பை மூடிப் பாக்கெட்ல போட்டு, ஒரு காதுல மட்டும் புளூடூத்ல வழி கேட்டுக்குங்க.

யுவி டெம்பர்னா திரவப் பசை ஊத்தி யுவி லைட் காட்டி ஒட்டுற கண்ணாடி, அது மடியாது. மடியுற மாதிரி எதையாவது ஒட்டினாலும், அந்தத் திரவப் பசை லைட் காட்டறதுக்கு முன்னாடியே ஓரமா வழிஞ்சு ஹிஞ்ச், இயர்பீஸ் பக்கம் இறங்கி உறைஞ்சுடும். வெளி டிஸ்ப்ளேக்கு வேணா சாதாரண ஃபிலிம் ஒட்டலாம், பசை ஊத்துறது அங்கேயும் வேண்டாம். கவர் ரெண்டு துண்டா வரும். மேல் துண்டு பசைப் பட்டையில நிக்கும், கழட்டி மாட்டிக்கிட்டே இருந்தா பசை போய் துண்டு நழுவும், அப்ப தூசி அங்க சேரும். கழட்டினா உள்ளே ஊதிட்டுத் திரும்ப மாட்டுங்க.

உள் டிஸ்ப்ளே மேல கம்பெனியே ஒட்டின ஃபிலிமை ஸ்கிரீன்கார்டுன்னு நினைச்சு உரிச்சுடாதீங்க. நாள் ஆக ஆக மடிப்புல அது தூக்கி வெள்ளையா ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நீண்டுக்கிட்டே போனா, இல்ல கொப்புளமாச் சேந்தா, அப்பவே சர்வீஸ் மையத்துல மாத்திடுங்க. தூக்கின இடத்துக்குள்ள கல் மாவு போயிடுச்சுன்னா ஒவ்வொரு மடிப்புலயும் கண்ணாடியைத் தேய்க்கும். மாத்தப் போற வரைக்கும் போனை எவ்வளவு குறைச்சு மடக்க முடியுமோ அவ்வளவு குறைச்சு மடக்குங்க. தூக்கின ஓரத்தை நகத்தால அமுக்கி ஒட்டப் பாக்காதீங்க, செலோ டேப்பும் போடாதீங்க.